முகம் பார்த்துப் பேசியவர்

"சாமி, எம்பொண்ணு எங்க காலேஜ்லயே, நான் பாடம் நடத்துற படிப்புலயே சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாளுங்க. சேர்த்தட்டுங்களா, வேண்டாங்களா?"

சென்னியப்பன் இப்படிக் கேட்டபோது சின்னச் சாமி கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. முறத்தை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். உட்காருங்கள், நீங்களும் உடையுங்கள் என்று அதற்கு அர்த்தம்.

சென்னியப்பன் உட்கார்ந்தார்.

கல்லூரியில் மேலாண்மைத் துறைக்குத் தலைவர், தலை நரைத்த மனுஷன், தன் வயதில் பாதிகூட இல்லாத ஒருவர் முன்னால் கடலைக்காய் உடைக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் கடுப்புதான். பெரிய சாமி இருந்தவரைக்கும் இப்படியில்லை. கேள்வி கேட்டால் அவர் ஒரு கதை சொல்லுவார். கதை முடியவும் சாப்பாட்டுக்கு மணி அடிக்கவும் சரியாக இருக்கும். அவர் போனபிறகு மடம் இந்தச் சின்னச் சாமியின் கைக்கு வந்தது. இவரிடம் கதையும் கிடையாது, ஆறுதலும் கிடையாது. வருகிற கூட்டமும் குறைந்துபோயிற்று.

ஆனாலும் சென்னியப்பனுக்குப் போக வேறு இடமில்லை. திங்கட்கிழமை சேர்க்கை.

"மத்தவங்க புள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவீங்க அய்யா?" என்றார் சின்னச் சாமி.

"சேருங்கன்னு சொல்லுவனுங்க."

"சொந்தப் புள்ள கேட்டா?"

"அதைத்தானுங்க சாமி கேக்க வந்தேன்."

சின்னச் சாமி ஒரு கடலையை உடைத்தார்.

"படிப்பு மோசமுங்களா?"

"படிப்பு என்னுங்க பண்ணுச்சு? பெரிய ஊர்ல, பேரெடுத்த காலேஜ்ல படிச்சவங்க நல்லாத்தான் இருக்கறாங்க. எங்க காலேஜ்ல படிச்சுட்டுப் போறவங்களுக்குத்தான் போக்கிடம் இல்லீங்க."

ஆரம்பித்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை.

"போன மாசம் ஒரு போன் வந்துச்சுங்க. லோன் வேணுமான்னு கேட்டான். எங்கயோ கேட்ட கொரலா இருக்குதேன்னு 'யாரப்பா?'ன்னேன். 'சார், நீங்களா!'ன்னு வெச்சுட்டான். நான் மெடல் குடுத்த பையனுங்க அவன். இன்னொருத்தன் ஜவுளிக்கடை வாசல்ல டை கட்டிக்கிட்டு 'வாங்க, வாங்க'ன்னுட்டு நிக்கறான். என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால போயிட்டான். பேச்சுச் சாமர்த்தியம் இருக்கறவங்களை நாங்களே வேலைக்கு வெச்சுக்கறோமுங்க."

"பாடம் நடத்தவா?"

"ஆள் புடிக்கறதுக்குங்க."

சின்னச் சாமி தலையாட்டினார்.

ஆள் பிடிப்பது என்றால் என்னவென்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பிளஸ் டூ பரீட்சை நெருங்கினால் போதும், கல்லூரி வாத்தியார்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கிளம்புவார்கள். வேலைவாய்ப்பு வழிகாட்டி நிகழ்ச்சி என்று அதற்கு மரியாதையாக ஒரு பெயர். வகுப்பு நிரம்பாவிட்டால் வாத்தியார் வேலையை விட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சென்னியப்பனை மட்டும் எந்தக் காலத்திலும் யாரும் வீட்டுக்குப் போகச் சொன்னதில்லை. அவர் மேடையேறினால் அந்த வருஷம் பெஞ்சு போதாது.

மகள் கனிஷ்கா படித்த பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர் அவரைத்தான் அனுப்பினார். கனிஷ்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயதிலிருந்து வக்கீலாவேன், வக்கீலாவேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு வாரம் கழித்து, "அப்பா, நான் உங்க டிப்பார்ட்மென்ட்டுலயே சேரப்போறேன்" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தார். பரீட்சை முடிந்தது, மார்க்கும் வந்தது. அவள் மாறவில்லை.

"என் பேச்சு என் வீட்டுக்குள்ளயே வந்துருச்சுங்க சாமி" என்றார் சென்னியப்பன். "வேண்டாம்னு சொன்னா, 'அப்ப மேடையில சொன்னது பொய்யா?'ன்னு கேப்பா. சேருன்னு சொன்னா அவ வாழ்க்கை போச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்தப் பேச்சை இங்க ஒருக்காப் பேசுங்க" என்றார் சின்னச் சாமி.

"இங்கீங்களா?"

"ஆமா. நான்தான் கேக்கறனே."

கடலைத்தோல் ஒட்டிய வேட்டியோடு சென்னியப்பன் எழுந்து நின்றார். முதலில் வார்த்தை வரவில்லை. இரண்டு தரம் கனைத்தார். பிறகு வந்தது. வந்துவிட்டால் அப்புறம் அதைப் பிடித்து நிறுத்த யாராலும் ஆகாது.

"நாளைக்கு நீங்க ஒருத்தர் முன்னால கைகட்டி நிக்கப் போறீங்களா? இல்ல, உங்க முன்னால நாலு பேர் நிக்கணுமா? ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வேணும், சரி. அந்த ஆஸ்பத்திரிய நடத்தறது யாரு? மில்லுக்கு மிசின் வேணும், சரி. அந்த மில்லை நடத்தறது யாரு? கோயிலுக்குக்கூட ஒரு மேனேஜர் இருக்காரு! மேனேஜர் இல்லாத எடம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, நான் பேச்சை நிறுத்திக்கறேன்!"

சமையற்கட்டில் இருந்த அய்யாவு கரண்டியோடு வெளியே வந்துவிட்டான். மடத்துக்குச் சமைக்கிறவன். அடுப்பில் ரசம் பொங்கி வழிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது, அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

பேச்சு முடிந்ததும் அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"எம்பையனை இதுலயே சேர்த்தீறலாமாட்ட இருக்குதுங்களே சாமி! அவனும் பன்னெண்டாவது முடிச்சுட்டுச் சும்மாதானுங்க சுத்தறான்."

"அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க" என்றார் சென்னியப்பன். "நான் பாத்துக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அய்யாவு அதற்குள் ரசத்தைப் பார்க்க ஓடிவிட்டான்.

சின்னச் சாமி கேட்டார்: "என்கிட்டத்தான பேசச் சொன்னேன். நீங்க யாரைப் பாத்துப் பேசுனீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். அய்யாவு வாசல்படியில் வந்து நின்றதிலிருந்து அவன் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார். சாமி பக்கம் திரும்பவே இல்லை.

"பழக்கமுங்க சாமி. அத்தன பேரையும் பாக்க முடியாது. உள்ள போனதும் ஒரு முகத்தைத் தேடுவேன். தாடையைத் தூக்கி, வாயை லேசாத் தொறந்து, நாம என்ன சொன்னாலும் நம்பீருமாட்ட ஒரு முகம். எல்லா ஹால்லயும் ஒண்ணு இருக்குமுங்க. அதைப் பாத்தே பேசணும். அது தலையாட்டுனா அந்த வரிசையே ஆட்டும். புதுசா வர்ற வாத்தியாருங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறதே அதுதானுங்க."

"உங்க பொண்ணு உக்காந்திருந்த அன்னிக்கு?"

"அவ மொகத்தைப் பாக்கலீங்க." சென்னியப்பன் குனிந்துகொண்டார். "பாத்தா எனக்குப் பேச வராது. பக்கத்துல இருந்த புள்ளையப் பாத்துப் பேசுனேன்."

"அது யாரு?"

"எம்பொண்ணு கூடப் படிக்கறவளுங்க. ஊட்டுக்கெல்லாம் வந்துருக்கறா."

"பேரு?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை.

"தெரிஞ்சுட்டு வாங்க" என்று சின்னச் சாமி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

வழி நெடுக சென்னியப்பன் புலம்பிக்கொண்டே வண்டியை ஓட்டினார். என் பெண்ணைப் பற்றிக் கேட்டால் ஊரார் பெண்ணின் பெயரைக் கேட்கிறாரே, இந்த ஆளைச் சாமி என்று கும்பிட வந்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார். பெரிய சாமியாக இருந்தால் இந்நேரம் ஒரு வழி சொல்லியிருப்பார்.

வீட்டில் கனிஷ்கா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அன்னிக்கு உம்பக்கத்துல உக்காந்திருந்தாளே, அந்தப் புள்ள பேரென்ன?"

கனிஷ்காவின் கை நின்றது.

"எதுக்குப்பா?"

"சும்மாதான். சொல்லு."

"பவதாரிணி."

"அவ என்ன படிக்கப் போறா?"

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமாக இருந்தாலாவது அவர் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அது கோபமில்லை.

"பிபிஏ. உங்க காலேஜ்லதான்ப்பா. அவளுக்கு கவர்ன்மென்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல கணக்கு கெடச்சுது. அவ கணக்குல எங்க செட்டுலயே ஃபர்ஸ்ட். அதை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டா."

"ஏன்?"

"நீங்க அவளைப் பாத்தே பேசுனீங்களாம். 'அத்தன பேர்ல உங்கப்பா என்னைத்தான்டி பாத்துச் சொன்னாரு, எங்கிட்ட என்னமோ இருக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது'ன்னு சொன்னா."

சென்னியப்பன் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கனிஷ்கா துணியை மடித்தபடி, அவரைப் பார்க்காமலேயே மீதியைச் சொன்னாள்.

"அப்புறம் ஒண்ணு கேட்டா. 'நீயும் அதுலதான சேருவே?'ன்னா. நான் என்னப்பா சொல்லட்டும்? இல்லைன்னு சொன்னா உங்களப் பத்தி என்ன நெனப்பா? ஆமான்னுட்டேன். அப்பறம் எப்படியாச்சும் மாத்திக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அவ சீட்டை விட்டுட்டு வந்துட்டா. இனி நான் மட்டும் எப்படி வேற எடத்துக்குப் போறது?"

"உனக்கு..." என்று இழுத்தார் சென்னியப்பன். "உனக்கு இந்தப் படிப்பு மேல ஆசை இல்லியா?"

"உங்க ஸ்டூடன்ட்ஸைப் பத்தி நீங்க அம்மாகிட்ட சொல்லிச் சொல்லி வருத்தப்படறது அடுத்த ரூம்ல எனக்குக் கேக்காதாப்பா? எல்லாந் தெரியும்."

அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். அவள் அழவில்லை. மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

"நான் அந்தப் புள்ளகிட்ட உண்மையச் சொல்லீர்றேன் அம்மிணி" என்றார் சென்னியப்பன். "அவளுக்கு வேற எதாச்சும் வழி பாக்கலாம். அப்புறம் நீ உம்பாட்டுக்கு லா படி."

"சொல்லுங்கப்பா" என்றாள் கனிஷ்கா. "ஆனா அவ மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க. அன்னிக்குப் பாத்த மாதிரி."

அவர் அவளிடம் வழி கேட்டுக்கொண்டு அப்போதே வண்டியை எடுத்தார். போகிற வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் அம்மா. இல்லை, நான் முழுசாகச் சொல்லவில்லை அம்மா. எப்படி அடுக்கினாலும் வாய் கூசியது.

பவதாரிணியின் வீடு விசைத்தறிக் கூடத்துக்கு அடுத்தாற்போல் இருந்தது. தறி ஓடுகிற சத்தத்தில் அங்கே எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். தெருவில் விளையாடிய குழந்தைகள் இவர் யாரென்று கேட்டுவிட்டு உள்ளே ஓடி, "மேனேஜரக்கா, மேனேஜரக்கா! உங்க சாரு வந்துருக்கறாரு!" என்று கூவின. தெருவே அவளுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டது.

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"உக்காருங்க சார்!"

"பவதாரிணி" என்றார். அந்தப் பெயரை முதன்முதலாகச் சொல்கிறார். "அந்தக் கணக்கு சீட்டு... இப்பப் போய்க் கேட்டாக் குடுப்பாங்களா?"

"அதை அப்பவே வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க சார். போனாப் போகுது. அது எதுக்கு சார் இனி?"

தாடை உயர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அதே முகம்.

இப்போது உண்மையைச் சொன்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன மிஞ்சும் என்று அவர் யோசித்தார். அது நியாயமான யோசனையா, பயந்தவன் தேடிக்கொண்ட சாக்கா என்று அவருக்கே தெரியவில்லை. அவளோ அவர் என்ன சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் அவர் வாய்க்கு ஒன்றுதான் பேசத் தெரியும்.

"நல்லாப் படிக்கணும், என்ன?" என்று ஆரம்பித்தார். "மேனேஜர் இல்லாத எடம் ஒண்ணு காட்டு பார்க்கலாம்..."

தறிச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் உயர்ந்தது. அவள் தலையாட்டினாள். வாசலில் கூடியிருந்த குழந்தைகளும் தலையாட்டின.

வீட்டுக்கு வந்தபோது கனிஷ்கா கதவைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கேட்டிருக்கலாம் என்று சென்னியப்பனுக்கு இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு பெண்களும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். கனிஷ்காவின் படிவத்தில் தகப்பன் கையெழுத்து ஒரு இடத்தில், துறைத் தலைவர் கையெழுத்து ஒரு இடத்தில். இரண்டையும் சென்னியப்பன்தான் போட்டார். தாளாளர் தன் அறையிலிருந்து இறங்கிவந்து அவர் தோளில் தட்டினார்.

"சொந்தப் பொண்ணையே நம்ம காலேஜ்ல சேர்த்தீட்டீங்க. இதைவிட வேற விளம்பரம் வேணுங்களா? அடுத்த வருசம் மேடையில இதைத்தான் மொதல்ல சொல்றீங்க!"

கனிஷ்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அந்த வாரமே சென்னியப்பன் மறுபடி மடத்துக்குப் போனார். சின்னச் சாமி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள பேரு பவதாரிணிங்க சாமி."

"சரி" என்றார் சின்னச் சாமி. "இப்ப உங்க கேள்வியக் கேளுங்க."

சென்னியப்பன் நின்றார். சேர்த்தட்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்க இனி என்ன இருக்கிறது? சின்னச் சாமி துண்டால் காலைத் துடைத்தார்.

சமையற்கட்டிலிருந்து அய்யாவு வேகமாக வந்தான். குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சலவைச் சட்டை போட்டிருந்தான்.

"சார்! உங்களைத்தானுங்க பாத்துட்டு இருந்தேன். பையன் சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்து வெச்சுட்டனுங்க. நாளைக்கே வந்தறட்டுங்களா?"

தாடை உயர்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

சென்னியப்பனுக்குள் பேச்சு தானாகக் கிளம்பியது. அது தொண்டைவரை வந்துவிட்டதை அவரால் உணர முடிந்தது. சின்னச் சாமி துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். இவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

"பையன் பேரு என்னுங்க?" என்றார் சென்னியப்பன்.

"பூபதிங்க."

"பூபதிக்கு வேற எங்கயாச்சும் எடம் கெடச்சிருக்குதுங்களா?"

"ஐடிஐல பிட்டருக்குக் கெடச்சிருக்குதுங்க. அது கெடக்குதுங்க, மேனேஜரு மாதிரி வருங்களா அது?"

"அதை விட்டுறாதீங்க."

அய்யாவுக்குப் புரியவில்லை.

"அதுக்கே அனுப்புங்க" என்றார் சென்னியப்பன். "எங்க காலேஜ் வேண்டாம். நான் அன்னிக்குச் சொன்னது முழுசும் உண்மையில்லீங்க."

உயர்ந்திருந்த தாடை மெல்ல இறங்கியது. இத்தனை வருஷத்தில் தன் சொல் கேட்டு ஒரு முகம் இறங்குவதை சென்னியப்பன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அய்யாவு சமையற்காரன் என்றாலும் ஏமாளி இல்லை. முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டான்.

"ஊரெல்லாம் பேச்சா இருக்குதே, அப்புறம் ஏனுங்க சார், உங்க பொண்ணை மட்டும் அங்க சேர்த்துனீங்க?"

"நான் சேர்த்தலீங்க" என்றார் சென்னியப்பன். "அப்பன் சொன்னது பொய்யாப் போயிறக் கூடாதுன்னு அவளே சேர்ந்துட்டாளுங்க."